கியர் எண்ணிக்கை போதாது, விகிதத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கார்களைப் பற்றிய கட்டுரைகளில் மைலேஜ், திரையின் அளவு, இருக்கைத் துணி வரைக்கும் எழுதுகிறார்கள். கியர்பாக்ஸ் என்று வரும்போது மட்டும் "ஆறு வேக ஆட்டோமேட்டிக்", "எட்டு வேக ஆட்டோமேட்டிக்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எத்தனை படி என்று சொல்கிறார்கள், ஒவ்வொரு படியும் எத்தனை உயரம் என்று சொல்வதில்லை. ஒவ்வொரு கியரின் விகிதம், கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலின் இறுதி விகிதம், டயர் அளவு ஆகிய மூன்றையும் ஒரு சிறு கட்டத்தில் போடும்படி கேட்டு இதை எழுதுகிறேன். அந்த எண்களை வைத்துக்கொண்டு வாசகர் என்ன செய்யலாம் என்று விளக்காமல் கேட்டால் நியாயமாக இருக்காது. அதனால் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

விகிதம் 4.171 என்றால், உள்ளே வரும் தண்டு 4.171 சுற்றுச் சுற்றும்போது வெளியே போகும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. வேகம் அத்தனை மடங்கு குறைகிறது. உராய்வில் போவதைக் கழித்தால், முறுக்குவிசை அத்தனை மடங்கு கூடுகிறது. எண் 1-க்குக் கீழே இறங்கினால் வெளித்தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று பொருள், அதுதான் ஓவர்டிரைவ்.

மேனுவல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள், ஆட்டோமேட்டிக்கிலும் உள்ளே ஏதோ ஒரு கை பல்சக்கரங்களை நகர்த்துகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் அப்படி எதுவும் நகர்வதில்லை. எல்லாப் பற்களும் எப்போதும் ஒன்றோடொன்று கடித்தபடியே இருக்கின்றன. எந்தச் சக்கரத்தைச் சுழலவிடுவது, எதைப் பிடித்து நிறுத்துவது, எதை எதோடு சேர்த்துக் கட்டுவது என்பது மட்டும்தான் மாறுகிறது.

நடுவில் சன் கியர், அதைச் சுற்றி ஓடும் பிளானட் கியர்கள், அவற்றைத் தாங்கும் கேரியர், வெளியே உட்புறம் பல் வெட்டிய ரிங் கியர். இதுதான் கிரகப் பல்சக்கரத் தொகுதி. கணக்குக்காக சன் கியருக்கு 30 பல், ரிங் கியருக்கு 72 பல் என்று வைத்துக்கொள்வோம். ரிங் கியரைப் பிடித்துக்கொண்டு சன் கியரில் விசையைக் கொடுத்து, கேரியரிலிருந்து எடுத்தால் விகிதம் 1 + 72/30, அதாவது 3.4. சன் கியரைப் பிடித்துக்கொண்டு ரிங் கியரில் கொடுத்தால் 1 + 30/72, அதாவது 1.417. அதையே திருப்பி, கேரியரில் கொடுத்து ரிங் கியரிலிருந்து எடுத்தால் 0.706. கேரியரைப் பிடித்தால் ரிங் கியர் எதிர்த்திசையில் சுற்றும், விகிதம் 2.4. எந்த இரண்டு உறுப்புகளைச் சேர்த்துக் கட்டினாலும் முழுத் தொகுதியும் ஒரே கட்டையாகச் சுற்றி 1.0 தரும். ஒரே தொகுதியிலிருந்து மூன்று வேறு முன்கியர்கள், ஒரு நேரடிக் கியர், ஒரு ரிவர்ஸ்! பிளானட் கியருக்கு (72 - 30)/2 என்று வரும் 21 பல் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது நடுவில் நின்று கைமாற்றிக் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான்.

இனி நிஜமான ஒரு கியர்பாக்ஸுக்கு வருவோம். 2001-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசையில் வந்த, இசட்எஃப் நிறுவனத்தின் 6எச்பி26 ஆறு கியர் பெட்டி, லெப்பல்தியே அமைப்பில் கட்டப்பட்டது. முன்னால் ஒரு சாதாரணக் கிரகத் தொகுதி: ரிங் கியருக்கு 71 பல், அசையாமல் பிணைக்கப்பட்ட சன் கியருக்கு 37 பல். பின்னால் இரண்டு சன் கியர்களும் ஒரே ரிங் கியரும் கொண்ட ரவினோ தொகுதி: சின்ன சன் கியருக்கு 31, பெரிய சன் கியருக்கு 38, ரிங் கியருக்கு 85 பல். முன்தொகுதி தருவது 1 + 37/71, அதாவது 1.521. அட்டவணையில் 3-ஆம் கியரின் விகிதம் இதேதான், ஏனென்றால் 3-இல் பின்தொகுதி கட்டையாகச் சுற்றுகிறது. 1-ஆம் கியர்: 1.521 × 85/31 = 4.171. ரிவர்ஸ்: 1.521 × 85/38 = 3.403. 6-ஆம் கியரில் முன்தொகுதிக்கு வேலையே இல்லை, 85/(85+38) = 0.691. மீதமுள்ள 2.340, 1.143, 0.867 ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கணக்குப் போட வேண்டும், ஆனால் அவையும் இதே ஐந்து பல் எண்களிலிருந்துதான் வருகின்றன.

இந்த ஏழு விகிதங்களையும் தருவதற்கு உள்ளே இருப்பவை மூன்று கிளட்சுகளும் இரண்டு பிரேக்குகளும் மட்டுமே. ஏ கிளட்ச் முன்தொகுதியைச் சின்ன சன் கியரோடு இணைக்கிறது, பி கிளட்ச் பெரிய சன் கியரோடு இணைக்கிறது, இ கிளட்ச் உள்தண்டை நேராகப் பின் கேரியரோடு இணைக்கிறது. சி பிரேக் பெரிய சன் கியரைப் பிடிக்கிறது, டி பிரேக் பின் கேரியரைப் பிடிக்கிறது. ஒவ்வொரு கியரிலும் இவற்றில் இரண்டு பூட்டியிருக்கும். 1-இல் ஏ, டி. 2-இல் ஏ, சி. 3-இல் ஏ, பி. 4-இல் ஏ, இ. 5-இல் பி, இ. 6-இல் சி, இ. ரிவர்ஸில் பி, டி. இந்த வரிகளைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒன்று விடுகிறது, ஒன்று பிடிக்கிறது, மற்றது அப்படியே இருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கும்போது 6-லிருந்து நேராக 2-க்கு இறங்குவதுகூட ஒரே ஒரு மாற்றம்தான்: சி இருக்க, இ விட்டு ஏ பிடிக்க வேண்டும். 6-லிருந்து 3-க்கு என்றால் இரண்டு ஜோடியும் மாற வேண்டும். எண்களைப் பார்த்தால் 3 பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும், இயந்திரத்துக்கோ 2-தான் பக்கம்.

இப்போது படிகளின் உயரத்துக்கு வருகிறேன். 4.171-ஐ 2.340-ஆல் வகுத்தால் 1.78. அடுத்தடுத்த படிகள் 1.54, 1.33, 1.32, 1.25. முதல் படி பெரிது, மேலே போகப்போகச் சிறியது. எஞ்சின் 4,000 சுற்றில் இருக்கும்போது 1-லிருந்து 2-க்கு மாறினால் 2,244-க்கு இறங்கும். அதே 4,000-இல் 5-லிருந்து 6-க்கு மாறினால் 3,190 அளவில் நிற்கும். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு ஏறுவதால் மேல் கியர்களில் எஞ்சினைச் சட்டென்று கீழே தள்ள முடியாது. அதனால்தான் இந்த அமைப்பு.

மொத்த அகலத்தை, அதாவது முதல் விகிதத்தைக் கடைசி விகிதத்தால் வகுத்த எண்ணைப் பாருங்கள். மேலே சொன்ன ஆறு கியர் பெட்டிக்கு அது 6.04. அதே நிறுவனத்தின் 8எச்பி எட்டு கியர் பெட்டியின் முதல் தலைமுறையில் சுமார் 4.7-லிருந்து 0.667 வரை, அதாவது 7-ஐ ஒட்டி. ஃபோர்டின் 10ஆர்80 பத்து கியர் பெட்டி 4.696-லிருந்து 0.636 வரை, 7.4. முன்சக்கர இயக்கக் கார்களுக்கான இசட்எஃப் 9எச்பி ஒன்பது கியர் பெட்டியிலோ 4.70-லிருந்து 0.48 வரை, 9.8! பத்து கியர் பெட்டியைவிட ஒன்பது கியர் பெட்டியின் அகலம் அதிகம். பத்தில் படிகள் நெருக்கம், ஒன்பதில் இடைவெளி கூடுதல். எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டால் இது எப்படித் தெரியும்?

கியர் விகிதம் தனியாக நின்றும் பயனில்லை. டிஃபரன்ஷியலின் இறுதி விகிதத்தோடு பெருக்க வேண்டும். உச்சக் கியர் 0.69-ம் இறுதி விகிதம் 3.0-ம் உள்ள காரும், உச்சக் கியர் 0.60-ம் இறுதி விகிதம் 3.45-ம் உள்ள காரும் சாலையில் ஒன்றுதான், இரண்டுக்கும் 2.07. இரண்டாவது காரை "நீண்ட ஓவர்டிரைவ்" என்று புகழ்வதில் அர்த்தமில்லை.

ஒரு முழுக் கணக்கு. டயர் 225/55 ஆர்17 என்று வைப்போம். 225-இல் 55 சதவீதம் 123.75 மி.மீ. அதை இரட்டித்து, 17 அங்குல வளையத்தின் 431.8 மி.மீ.-ஐக் கூட்டினால் விட்டம் 679.3 மி.மீ. சுற்றளவு 2.134 மீட்டர். வண்டியின் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் ஓடும் சுற்றளவு சுமார் 3 சதவீதம் குறையும், 2.07 மீட்டர் என்று கொள்ளலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 1,667 மீட்டர், ஆகவே சக்கரம் 805 சுற்று. இறுதி விகிதம் 3.5 என்றால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு 2,818 சுற்று. 6-ஆம் கியரில் 0.691-ஆல் பெருக்க, எஞ்சின் 1,947. அதே வேகத்தில் 4-ஆம் கியர் என்றால் 3,221. முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 4.171 × 3.5 = 14.6. எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் தந்தால் அச்சுக்கு இழப்புக்கு முன் 4,380 போகும்.

டயரை 225/60 ஆர்17 என்று மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 701.8 மி.மீ., 3.3 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டிய அதே எண்ணில் வண்டி இப்போது 3.3 சதவீதம் கூடுதலாக ஓடும். முதல் கியரின் 14.6 இனி 14.13 போல நடந்துகொள்ளும், ஏற்றத்தில் கிளம்புவது மந்தமாகும். கியர்பாக்ஸில் பழுது என்று இதற்குப் போய்ப் பிரிக்கக் கூடாது.

டார்க் கன்வெர்ட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன விகிதங்கள் எல்லாம் கன்வெர்ட்டரில் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள டர்பைனுக்குப் பிறகு நடப்பவை. வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் கன்வெர்ட்டரே முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருகிறது. டர்பைன் வேகம், கன்வெர்ட்டருக்குள் எஞ்சினோடு சுற்றும் பம்பின் வேகத்தை நெருங்க நெருங்க அந்தப் பெருக்கம் 1-க்கு இறங்கிவிடும். பிறகு லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டி, நழுவலை நிறுத்துகிறது. அது பூட்டும்போது எஞ்சின் சுற்று இருநூறு முந்நூறு இறங்கும். ஆறு கியர் வண்டியில் ஏழாவதாக ஒன்று விழுந்ததுபோல இருக்கும், சிலர் அதைப் பழுது என்று எண்ணிப் பயப்படுகிறார்கள்.

மேலே போட்ட கணக்கு உதவும் இடம் இதுதான். சமதளச் சாலையில் ஜிபிஎஸ் காட்டும் 100-இல், 6-ஆம் கியரில் 1,947-ஐ ஒட்டி வர வேண்டிய சுற்று 2,200-ஆக நிலைத்து நிற்கிறது என்றால் லாக்-அப் பூட்டவில்லை. ஸ்கேனரில் பெரும்பாலும் பி0741 என்ற பழுதுக் குறியீடு இருக்கும். ஸ்பீடோமீட்டரை நம்பி இதைச் செய்ய வேண்டாம், அது பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும். சில பெட்டிகள் அதிர்வைத் தணிக்க லாக்-அப்பில் சில பத்துச் சுற்று நழுவலை வேண்டுமென்றே விட்டுவைக்கும், அந்த அளவு வேறுபாடு பிழையில்லை. மிதமான வேகத்தில், இலேசாக ஆக்சிலரேட்டர் மிதித்திருக்கும்போது, கரடுமுரடான பட்டைகள் மேல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் வந்தால் அது வேறு கதை: லாக்-அப் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுகிறது. பழைய ஆயிலோ, அந்தப் பெட்டிக்குப் பொருந்தாத ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலோ காரணமாக இருப்பது வழக்கம்.

இனி விகிதம் எப்படிப் பழுதைக் காட்டிக்கொடுக்கிறது என்பதைச் சொல்கிறேன். கட்டுப்பாட்டுக் கணினி, டர்பைன் தண்டின் வேகத்தை வெளித்தண்டின் வேகத்தால் ஓயாமல் வகுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 5-ஆம் கியரில் வெளித்தண்டு 2,800 என்றால் டர்பைன் 2,428-இல் இருக்க வேண்டும். 2,600 இருந்தால் விகிதம் 0.929. பற்கள் உடைந்து கொட்டினாலொழிய அந்த எண் தானாக மாற வழியில்லை. ஆகவே ஏதோ ஒரு கிளட்ச் நழுவுகிறது, கணினி பி0735 எழுதி வைக்கிறது. 3-ஆம் கியர் என்றால் பி0733, ரிவர்ஸ் என்றால் பி0736.

எந்தக் கிளட்ச்? மேலே கத்தரித்து வைக்கச் சொன்ன வரிகளை எடுங்கள். 3, 5, ரிவர்ஸ் மூன்றும் நழுவி, மற்றவை சரியாக இருந்தால் பி கிளட்ச். 4, 5, 6 என்றால் இ. 2, 6 என்றால் சி. 1, 2, 3, 4 என்றால் ஏ. ஐந்தாவது மட்டும் கெட்டு, 3, 4, 6, ரிவர்ஸ் எல்லாம் சுத்தமாக இருந்தால் பி-யும் இ-யும் வேறு கியர்களில் நன்றாகப் பிடிக்கின்றன என்று அர்த்தம். அப்போது கிளட்சுகளை மாற்றுவதற்கு முன் ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வ் பாடியையும், கணினியின் அழுத்தக் கட்டளையையும் பார்க்க வேண்டும். எல்லாக் கியரும் சேர்ந்து நழுவினால் ஆயில் அளவு, வடிகட்டி, பம்ப். ஆயில் குறைந்த பெட்டியில் திருப்பங்களிலும் வேகம் எடுக்கும்போதும் பம்ப் காற்றை உறிஞ்சும், ஆயில் நுரைக்கும், அழுத்தம் விழும். ஆயில் அளவை உற்பத்தியாளர் குறித்த வெப்பநிலையில், எஞ்சினை ஓடவிட்டு, வண்டியைச் சமமாக நிறுத்திப் பார்க்காவிட்டால் பார்த்ததாகவே கணக்கில்லை.

ஒரே கிளட்ச் எல்லாக் கியரிலும் ஒரே சுமையைத் தாங்குவதில்லை என்பது பலர் கவனிக்காத விஷயம். பி கிளட்ச் 3-ஆம் கியரில் ஏ-யோடு பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. பற்களை வைத்துக் கணக்கிட்டால் அதன் பங்கு உள்தண்டின் முறுக்குவிசையில் சுமார் 0.53 மடங்கு. ரிவர்ஸில் பங்காளி கிடையாது, முழு 1.521 மடங்கும் அதன் தலையில். ஏறக்குறைய மூன்று மடங்கு சுமை. அதனால்தான் ரிவர்ஸில் ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தும், தேய்ந்துவரும் பி கிளட்ச் ஏற்றத்தில் பின்னால் எடுக்கும்போதுதான் முதலில் திணறும்.

நழுவல் ஒரு வகை, தவறான கியர் இன்னொரு வகை. இரண்டையும் குழப்புவதால்தான் நல்ல பெட்டிகள் வீணாகப் பிரிக்கப்படுகின்றன. நழுவினால் விகிதம் இரண்டு எண்களுக்கு நடுவே அலையும், ஆக்சிலரேட்டரை அமுக்க அமுக்க மாறும். கணினி 4-ஆம் கியர் கேட்கும்போது 1.143-க்குப் பதில் 1.521 ஆணி அடித்ததுபோல நின்றால் யாரும் நழுவவில்லை. இ பிடிக்க வேண்டிய இடத்தில் பி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரத்தால் வால்வை இயக்கும் சொலினாய்டு, அதன் மின்னிணைப்பு, ஒட்டிக்கொண்ட வால்வ் என்று தேட வேண்டும். எண் ஒவ்வொரு நொடியும் அபத்தமாகத் தாவினால், அல்லது திடீரென்று சுழியாகிவிட்டால், வேக சென்சார் பக்கம் பாருங்கள்.

கியர் மாறும் கணத்திலும் இதே எண் பேசும். மேல் கியருக்கு மாறும்போது விகிதம் நேராக இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் ஒரு கணம் மேலே எழும்பினால், சுற்றுமானி முந்நூறு நானூறு துள்ளும். பிடிக்க வேண்டிய கிளட்ச் தாமதிக்கிறது: பிஸ்டன் சீல் கசிவு, குறைந்த ஆயில், தேய்மானத்துக்கு ஏற்ப மறுபடி கற்றுக்கொள்ளாத கணினி. மாறாக, யாரோ பிரேக்கைத் தொட்டதுபோல ஒரு குத்தல் வந்தால் விட வேண்டியது விடத் தாமதிக்கிறது, ஒரு கணம் இரண்டு கியர் ஒன்றாகப் பூட்டுகின்றன. பழைய பெட்டிகளில் ஒருவழிக் கிளட்சுகள் இருந்ததால், அடுத்த கியர் பிடித்ததும் முந்தையது தானாகவே விலகிக்கொள்ளும். இந்த ஆறு கியர் பெட்டியில் அவை இல்லை. விடுவதும் பிடிப்பதும் முழுக்கக் கணினியின் கணக்கு, ஆகவே ஆயில் மாற்றியபின் அல்லது வால்வ் பாடியைத் தொட்டபின் அந்தக் கணக்கை அழித்து, மறுபடி கற்க வைக்க வேண்டும்.

இதையெல்லாம் எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் அப்படியே பொருத்த வேண்டாம். விகிதம் தொடர்ச்சியாக மாறும் சிவிடி பெட்டியில் படிகளே இல்லை, இரண்டு எல்லை எண்கள்தான் உண்டு. "ஏழு கியர்" என்று விளம்பரத்தில் வந்தாலும் அது கணினி போட்ட வேடம். கிளட்சையும் கியரையும் கணினியே மாற்றும் ஏஎம்டி-யும் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் மேனுவல் பெட்டியைப் போல இணைத்தண்டுகளால் ஆனவை. விகிதக் கணக்கு அதேதான், கிளட்ச் அட்டவணை வேறு. கிரகத் தொகுதிப் பெட்டிகளிலும் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை உண்டு. 8எச்பி-யில் கிளட்சும் பிரேக்குமாக உள்ள ஐந்தில் மூன்று பூட்டியிருக்கும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டோமேட்டிக் கார் கட்டுரையின் அடியிலும், 4.171, 2.340, 1.521, 1.143, 0.867, 0.691, ரிவர்ஸ் 3.403 என்பதுபோல ஒரு வரி, அதோடு இறுதி விகிதமும் டயர் அளவும். இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. இடம் போதவில்லை என்று ரிவர்ஸ் எண்ணை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டும் தொழிலில் உள்ள வாசகர்